ரிப்போர்ட் வரும்வரை என்ன சமைப்பது?

போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கட்டில் சேர்க்காமல் மேஜைமேலேயே வைத்திருக்கிறேன். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. மகள் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டாளாம். மேற்கொண்டு சுற்றுச்சூழல் விஞ்ஞானம்தான் படிப்பேன், அதிலும் 'ரிஸ்க் அனாலிசிஸ்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அப்பா, 'பேசாமல் பாங்க் பரீட்சை எழுது' என்கிறார். அம்மா என்னைக் கேட்கிறார்: "நீங்கள் அந்த வேலையில் இருந்தவர் என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். அப்படி என்னதான் வேலை அது? ஆபத்தை அளப்பதா? அதை அளந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நியாயமான கேள்விதான். என் மாமியாரும் இதையே கேட்டிருக்கிறார். "ஆபீஸ் வேலைதான் அம்மா" என்று மழுப்பிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்குமேல் அந்த வேலையைப் பார்த்தவள், அதற்கு என்ன பிரயோஜனம் என்று சரியாகப் புரிந்துகொண்டது ஆபீஸில் அல்ல. ஊரூர் குப்பத்தில், ஒரு மீன்காரம்மாவின் கூடைக்கு முன்னால்.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்தவர்கள் பலர் இந்தக் குப்பத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கடற்கரைக் கடைகளையும் கூட்டத்தையும் விட்டு வடக்கே நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஊரூர் குப்பம், ஒல்காட் குப்பம் என்று ஒட்டி ஒட்டி இரண்டு. அடையாறு பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர்தான் இரண்டாவதற்கு. ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் 1894-ல் தொடங்கிய பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. கரையில் ஃபைபர் படகுகள், வலைக் குவியல்கள், சாலையோரத்தில் பலகை போட்டு மீன் விற்கும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் எங்கள் வீட்டு மீன்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டது நினைவிருக்கிறதா? முதலில் கசிவே இல்லை என்றார்கள். அப்புறம் கொஞ்சம் என்றார்கள். கடைசியில் கணக்கு இருநூறு டன்னைச் சுற்றி நின்றது. எர்ணாவூர் கரையில் இளைஞர்கள் வாளியால் எண்ணெயை அள்ளிய படம் பத்திரிகைகளில் வந்தது. சில நாளில் அது தெற்கே மெரினாவையும் தாண்டி, திட்டுத் திட்டாக எங்கள் பக்கமும் வந்தது. சென்னையில் மீன் விற்பனை படுத்துவிட்டது. கறிக்கடையில் க்யூ.

அந்த வாரமும் நான் வழக்கம்போல் போனேன். எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அம்மாவின் முன்னால் கூடை நிறைய சங்கரா. வாங்க ஆளில்லை. என்னைப் பார்த்ததும் 'வாங்கிக்க' என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"யம்மா, நீ இந்த ஆபீஸ்லதான வேல செய்யுற? ஒண்ணு சொல்லு. என் பொண்ணு மாசமா கீறா. அஞ்சு மாசம். அவளுக்கு மீன் குடுக்கலாமா, வோணாமா?"

விற்பனையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டது மகளைப் பற்றி. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அப்போது என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "சாம்பிள் எடுத்திருக்காங்க அக்கா. ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரிப்போர்ட்டு வர்ற வரிக்கும் இன்னாமா ஆக்கிப் போடறது?" என்றார்.

அன்று நான் மீன் வாங்காமலே திரும்பினேன். வெட்கமாக இருந்தது. இந்த மாதிரி கேள்விக்குப் பதில் சொல்லத்தானே எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்த வாசகியின் கேள்விக்கு வருகிறேன். ஆபத்து வேறு, அபாய மதிப்பீடு வேறு. உங்கள் வீட்டு வாசலில் அரளிச் செடி இருக்கலாம். இலை, பூ, வேர், எல்லாமே விஷம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறோம், பூப்பறித்துச் சாமிக்குப் போடுகிறோம். தவழுகிற குழந்தை வீட்டுக்கு வந்ததும் செடிக்கு வேலி கட்டுகிறோம், அல்லது வெட்டிவிடுகிறோம். செடியின் விஷம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அது யார் வாய்க்கு எட்டும், எவ்வளவு எட்டும், எட்டினால் அந்த உடம்பு தாங்குமா என்பதுதான் மாறியது. இந்த மூன்றையும் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அந்தப் பெண் படிக்க ஆசைப்படும் படிப்பு. மண்ணெண்ணெய் பாட்டிலை எந்தத் தட்டில் வைப்பது என்று தீர்மானித்த அம்மா எவரும் இதைச் செய்திருக்கிறார்.

கணக்கை யாருக்காகப் போடுகிறோம் என்பதை நான் ஒருமுறை மறந்து, சொந்த வீட்டிலேயே பட்டிருக்கிறேன். குப்பத்துச் சம்பவத்துக்குச் சில வருஷம் முன்னால் என் அண்ணன் மகள் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மீனில் பாதரசம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தையின் அக்கறை வேறு. "பிரசவம் ஆகும்வரை மீனே தொடாதே" என்று போனில் சொல்லிவிட்டேன். மசக்கையில் அவளுக்குப் பாலும் முட்டையும் குமட்டும், பருப்பு இறங்காது. மீன் குழம்பு ஒன்றுதான் சோற்றை உள்ளே தள்ளியது. படித்த அத்தை சொல்லிவிட்டாளே என்று அதையும் நிறுத்திவிட்டாள். ஏழாம் மாதம் எடை ஏறவேயில்லை. "யாரம்மா உன்னை மீனை விடச் சொன்னது?" என்று அவளுடைய டாக்டர் சத்தம் போட்டார். அவள் என் பெயரைச் சொல்லவில்லை, பாவம். எனக்குத் தெரியும்.

'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். மீனை நிறுத்தினால் புரதம் போகிறது, அயோடின் போகிறது, பி-12 போகிறது, குழந்தையின் மூளை வளர வேண்டிய கொழுப்பும் போகிறது. அந்த நஷ்டத்தையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

பாதரசத்துக்கு வருவோம். நிலக்கரி எரியும்போது புகையோடு போகிறது, சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் வெளியேறுகிறது. கடைசியில் நீரில் இறங்குகிறது. சேற்றிலுள்ள பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதைப் பாசி எடுத்துக்கொள்ள, பாசியை நெத்திலி தின்ன, நெத்திலியைப் பெரிய மீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே பல வருஷம் வாழ்ந்து மற்ற மீன்களை வேட்டையாடும் பெரிய சுறா, கொப்பரன், சூரை போன்றவற்றில் அதிகம். நெத்திலி, மத்தி, காரப்பொடியில் மிகக் குறைவு. இன்னொன்று: இது சதையிலேயே கலந்திருப்பது. தோலை உரித்தாலும் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை பாதரசக் கழிவை வளைகுடாவில் விட்டுக்கொண்டிருந்தது. முதலில் பூனைகள் தள்ளாடின, சுற்றிச் சுற்றி வந்து விழுந்து செத்தன. மீன்காரக் குடும்பங்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டன. 1956-ல் மனிதர்களுக்கு வந்த நோய் அரசு பதிவில் ஏறியது. தொழிற்சாலைதான் காரணம் என்று அரசாங்கம் அதிகாரபூர்வமாகச் சொன்னது 1968-ல். நடுவில் பன்னிரண்டு வருஷம்! அந்தப் பன்னிரண்டு வருஷமும் அங்கே அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது? அம்மா பார்வைக்கு நன்றாக இருப்பாள். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. கருவிலிருக்கும் மூளைக்குத்தான் இந்த விஷம் முதல் எதிரி என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தக் குழந்தைகளால்தான்.

குப்பத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று ராத்திரி எனக்கு மினமாட்டாதான் ஞாபகம் வந்தது. நான் சொன்னதும் அதே 'ரிப்போர்ட் வரட்டும்' பதில்தானே. காகிதத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003-ல் ஓர் அளவு சொன்னது: உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். (ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.) இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகளில் திமிங்கிலக் கறி தின்னும் தாய்மார்கள், இந்துமாக்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளில் அநேகமாகத் தினமும் மீன் தின்னும் தாய்மார்கள், இந்த இருவகையினரின் தலைமுடியை அளந்து, பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடியில் கிராமுக்கு 14 மைக்ரோகிராம் வரையில் பிள்ளைகளிடம் சொல்லத்தக்க பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணமான சாப்பாட்டு அளவைக் கண்டுபிடித்து, உடம்புக்கு உடம்பு வித்தியாசம் இருக்குமே என்று அதையும் 6.4-ஆல் வகுத்தார்கள். எத்தனை அம்மாக்களின் கூந்தல் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது பாருங்கள்!

இனி மீன்காரம்மாவின் மகள். எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 1.6-ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். கிலோவுக்கு அரை மில்லிகிராம் பாதரசம் உள்ள ஒரு பெரிய மீன் என்றால், ஒவ்வொரு கிராமிலும் அரை மைக்ரோகிராம். 160 கிராம் சாப்பிட்டதும் வாரக் கணக்கு முடிந்தது. இரண்டு துண்டு வறுவல், அவ்வளவுதான். அதில் பத்திலொரு பங்கு பாதரசம் உள்ள சின்ன மீன் என்றால்? வாரத்துக்கு 1,600 கிராம். ஒன்றரைக் கிலோவுக்குமேல் நெத்திலியை எந்தக் கர்ப்பிணி சாப்பிடப் போகிறாள்?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நம் நாட்டுச் சட்டமும் மீனுக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம் பாதரசம் என்றும், வேட்டையாடும் பெரிய மீன்களுக்கு ஒரு மில்லிகிராம் என்றும்தான் வரம்பு வைத்திருக்கிறது. அதாவது சட்டப்படி சரியான ஒரு பெரிய மீனே, மாசமாக இருப்பவளுக்கு வாரம் இரண்டு துண்டோடு போதும் என்றாகிவிடும். சட்டம் மீனை மட்டும் பார்க்கிறது. யார் சாப்பிடுகிறார்கள் என்பதை வீட்டில் பரிமாறுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் எண்ணெய் சமாசாரம் வேறு. அதிலுள்ள கெட்ட பொருள்களை மீனின் ஈரல் பெரும்பாலும் உடைத்து வெளியேற்றிவிடும். மட்டி, சிப்பி போன்றவற்றுக்கு அந்தச் சக்தி போதாது. எண்ணெய் பட்ட பாறையிலிருந்து எடுத்தால் அவற்றில் தங்கிவிடும். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, மீனைச் சோதிக்க அமெரிக்க அரசாங்கம் கருவிகளோடு வேறு என்ன பயன்படுத்தியது என்று நினைக்கிறீர்கள்? மூக்கு! பயிற்சி கொடுத்த ஆட்களை உட்கார வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். மூக்கும் ரசாயனப் பரிசோதனையும் இரண்டும் சம்மதித்த பிறகே அந்தந்தப் பகுதியில் மீன்பிடிக்க விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் போனேன். "அக்கா, நேற்று நான் சொன்னது பதிலே இல்லை. இப்போது கேளுங்கள். மட்டியும் சிப்பியும் கொஞ்ச நாள் வேண்டாம், கரையோரத்து நண்டும் வேண்டாம். எண்ணெய் படராத தூரத்துக் கடலில் பிடித்த மீனாக இருந்தால், செவுளை விரித்து உங்கள் மூக்கால் பாருங்கள். கெரசின் வாசனை துளி அடித்தாலும் தூக்கிப் போடுங்கள். வாசனை இல்லையென்றால் பொண்ணுக்குத் தாராளமாகக் கொடுங்கள். நெத்திலி, மத்தி, காரப்பொடி வாரம் மூன்று நாள்கூடக் கொடுக்கலாம். பெரிய சுறாவும் கொப்பரனும் பிள்ளை பிறக்கும்வரை வேண்டாம். வஞ்சிரம் ஆசைப்பட்டால் எப்போதாவது ஒரு துண்டு. நாளைக்கு ரிப்போர்ட்டில் வேறு மாதிரி வந்தால் நானே ஓடிவந்து சொல்கிறேன்" என்றேன்.

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா?" என்றார். என் மூக்கைவிட அவர் மூக்கு நூறு மடங்கு. அன்று சங்கரா அரைக் கிலோ வாங்கினேன். என் வீட்டு அடுப்பில் ஏறாததை இன்னொருத்தி பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய முடியுமா?

இது ஒரு பாதி. ஒழுங்குமுறை என்பது மறுபாதி. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது நான் எம்.எஸ்ஸி. மாணவி. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன வாயு இருக்கிறது, வெளியே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வேலிக்கு இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளத் தெரியாமல் தெருவில் ஓடினார்கள். தண்ணீருக்கென்று 1974-லும் காற்றுக்கென்று 1981-லும் சட்டங்கள் வந்திருந்தன. போபாலுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையொட்டி உண்டான வேலைகளில் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி ஜீப்பில் போய் ஆலைக்குப் பூட்டுப் போடுகிற வேலை என்று எண்ணிவிடாதீர்கள். விடியற்காலையில் ஆற்றங்கரையில் பாட்டிலோடு நிற்பது, அதை ஐஸில் வைத்து ஆபீஸ் சேர்ப்பது, நாலு தசம ஸ்தானம்வரை எழுதுவது, கோப்பில் 'மீண்டும் பரிசீலிக்கவும்' என்று திரும்பி வந்ததை மறுபடி எழுதுவது. அலுப்பான வேலை. ஆனால் அந்த நாலு தசமம் இல்லாமல் கோர்ட்டில் எந்த ஏழைக்கும் நியாயம் கிடைக்காது.

எண் மட்டுமல்ல, வரைபடமும் சட்டம்தான். 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, அலை ஏறும் உயர்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை என்ன கட்டலாம், கட்டக்கூடாது என்று சொன்னது. 2011-லும் 2019-லும் அதை மாற்றி எழுதினார்கள். கோடு எங்கே என்று காட்டுவது வரைபடம். வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றும் இடம், கருவாடு காயும் திட்டு, இதெல்லாம் படத்தில் இல்லாவிட்டால் அதிகாரியின் கண்ணுக்கு அது காலி இடம். காலி இடத்தில் சாலை வரும். ஊரூர் குப்பத்து மீனவரான கே. சரவணன் இதைப் புரிந்துகொண்டு, தாமே வரைபடம் போடக் கற்றார், மற்ற மீனவ ஊர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். என் மாதிரி பட்டம் வாங்கியவர்கள் ஏ.சி. அறையில் செய்ததை அவர் மணலில் நடந்து செய்தார். இந்தத் துறைக்கு யார் வரலாம் என்று கேட்டால் நான் முதலில் அவரைத்தான் காட்டுவேன்.

அடுத்து, பெண் பிள்ளைகளுக்குக் காட்ட ஒருவர். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியை டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். விறகடுப்புப் புகையைப் பற்றி, 'ஊதி ஊதிக் கண் எரிகிறது' என்று நம் பாட்டிகள் சொன்னதை எண்ணாக மாற்றியவர்களில் ஒருவர். இவரும் இவரது குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், அடுப்படிக் காற்றை அளந்தார்கள். சமைக்கிறவர் மட்டுமல்ல, பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் கிழவியும் குழந்தையும்கூட எவ்வளவு புகை சுவாசிக்கிறார்கள் என்று 2002-லேயே அச்சில் கொண்டுவந்தார்கள். வெளிக்காற்றில் மிக நுண்ணிய தூசி, ஒரு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்குமேல் போகக்கூடாது என்பது 2009-ல் நம் நாடு வைத்த வரம்பு. விறகு எரியும் அடுப்படியில் அது நூற்றுக்கணக்கில் போகும். அவ்வளவு வருஷமும் வெளிக்காற்றுக்கு வரம்பு இருந்தது, அடுப்படிக்கு இல்லை! உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட காற்றுத் தர அளவுகளை வகுத்த குழுவில் இவரும் உண்டு. அதில் அந்த 40-க்கு எதிரே 5 என்று இருக்கிறது.

இவரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. இந்தியா உட்பட நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் காஸ் அடுப்பு கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். இந்தியப் பகுதிக்கு இவர் பொறுப்பு. புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடை நினைத்த அளவு கூடவில்லை. 2022-ல் அதை அப்படியே வெளியிட்டார்கள். நமக்குப் பிடித்த பதில் வரவில்லையென்று மூடி வைக்கவில்லை. (காஸ் அடுப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, சகோதரிகளே. புகை நுரையீரலுக்கும் இதயத்துக்கும் செய்கிற கெடுதல் தனிக் கணக்கு.)

ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆபீஸில் இத்தனை வருஷம் இருந்ததைவிட இது கஷ்டமாக இருக்கிறது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் அழகாக நோட்டில் எழுதிக்கொள்வார்கள். 'உன் அக்காவுக்கு என்ன சொல்வாய்?' என்று கேட்டால் வகுப்பே மௌனம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை குப்பத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். காற்று எந்தத் திசை, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவர் சொன்னால் வாடையும் கொண்டலும் கண்ணுக்குத் தெரியும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஆற்றுத் தண்ணீர் கறுப்பதையும், முதல் மழையில் அத்தனை சாக்கடையும் ஒரேயடியாக இறங்கி, மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் மீன் செத்து மிதப்பதையும், கையை நீட்டிக் காட்டிப் பாடம் நடத்துவார். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததும் இதே கரைதான். அந்தக் காலையைப் பற்றி அவர் பேசமாட்டார். நாங்களும் கேட்பதில்லை.

போன வருஷம் ஒரு மாணவி, 'மேடம், ரிஸ்க் ஒரு லட்சத்தில் ஒன்று என்று வந்தால் சரி என்று விட்டுவிடலாமா?' என்றாள். நான் வாயைத் திறக்கும் முன் மீன்காரம்மா முந்திக்கொண்டார்: "அந்த ஒண்ணு யாரு வூட்டுப் புள்ளன்னு கேளு கண்ணு." அதற்குமேல் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. டீ குடிக்கப் போனோம்.

கும்பகோணத்து அம்மாவுக்கு நேரடியாக: படிக்கட்டும். வேதியியலோடு புள்ளியியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தத் துறையில் பலர் வழுக்குவது அங்கேதான். நச்சியல், பொதுச் சுகாதாரம் இரண்டில் ஒன்று தெரிந்திருந்தால் பலம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், போரூர் என்று இடங்கள் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விஞ்ஞானி வேலை, பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், நாகபுரியின் நீரி, லக்னோவின் நச்சியல் நிறுவனம், தனியார் ஆலோசனைக் கம்பெனிகள், கல்லூரி ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. பாங்க் மாதிரி அடித்துப் பிடித்த சம்பளம் இல்லை, ஆரம்பத்தில் அலைச்சல் அதிகம். அப்பாவிடம் இதை மறைக்க வேண்டாம். தனியார் கம்பெனியில் சேர்ந்தால் ஒரு சங்கடம் வரும்: ஆலை கட்டுகிறவரே உங்கள் பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பார், ஆலையால் கெடுதல் இல்லை என்று எழுதவும் சொல்வார். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கொடுக்க வேண்டும் என்று 2006 விதி இருக்கிறது. அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை அவள் எழுதினால், நீங்கள் படித்துப் புரியவில்லையென்றால், திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

மீன்காரம்மாவின் பேத்தி 2017 ஜூனில் பிறந்தாள். மூன்று கிலோ இருந்தாள். பிறந்த பத்தாம் நாள் மறுபடி பஞ்சாயத்து: பால் ஊற சுறாப்புட்டு போடலாமா, வேண்டாமா? தாய்ப்பாலில் இறங்கும் பாதரசம் கருவுக்குப் போவதைவிடக் குறைவு, ஆகவே சின்னப் பால்சுறாவாகப் பார்த்து, வாரம் ஒருமுறை ஒரு கிண்ணம் போடுங்கள், பெரிய சுறா வேண்டாம், மற்ற நாள் பூண்டும் காரப்பொடியும் என்றேன். சம்பந்தி அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தினம் போட்டால்தான் பால் வரும் என்றார். என்னைக் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டும் இருந்தார்.

இப்போதெல்லாம் அந்தப் பலகையில் ஒரு காட்சி பார்க்கிறேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்கள் வஞ்சிரத்தைக் காட்டி விலை கேட்பார்கள். வஞ்சிரத்தில்தான் லாபம் ஜாஸ்தி. இவரோ வயிற்றைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், "மாசமா கீறியா? அப்போ இத்த எடு" என்று நெத்திலியை அள்ளிப் படியில் போடுவார்.

உங்கள் மகளுக்கு லீவு கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வையுங்கள். காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அதற்குமேல் நெத்திலி இருக்காது.